தி குட் டைனோசர்: ஆறும் கதையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிக்ஸார் நிறுவனத்தின் ‘தி குட் டைனோசர்’ அனிமேஷன் படம் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது, கதையில்தான் சத்து இல்லை என்று ஒரு கட்டுரையின் நடுவே போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். போன வாரம் என் எட்டு வயது மகனோடு அந்தப் படத்தைப் பார்த்தேன். “இது நிஜ ஆறாம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அப்பா டைனோசர் வெள்ளத்தில் போகும் இடத்தில் நான் அழுதுவிட்டேன். குழந்தைகள் படத்துக்கு இதற்கு மேல் என்ன கதை வேண்டும்? எளிமையாக இருப்பது ஒரு குறையா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகன் கேட்டதற்குப் பதில். அந்த ஆறு நிஜமில்லை, ஆனால் அந்த நிலம் கிட்டத்தட்ட நிஜம். அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியை, வயோமிங்கின் டீட்டன் மலைகளை மனதில் வைத்துத்தான் அதை உருவாக்கினார்கள். அந்நாட்டு நிலவியல் ஆய்வுத் துறை வெளியிட்டிருக்கும் மேடு பள்ளக் கணக்குகளைக் கணினியில் ஏற்றி, அதன் மேல் மரமும் பாறையும் புல்லும் வளர்த்தார்கள். ஒளியமைப்புக்குப் பொறுப்பாக இருந்த ஷரோன் கலஹன் அடிப்படையில் நிலக்காட்சி ஓவியர், வெட்டவெளியில் நின்று வரைகிறவர். மேகங்கள்கூட வெறும் வரைபடமாக இல்லாமல், வெயில் ஊடுருவும் கனத்தோடு இருக்கின்றன. மாலை வெயில் புல்வெளியில் சாய்ந்து விழும் காட்சிகளில் ஓவியர் ஒருவரின் கண் இருப்பது நன்றாகவே தெரிகிறது. அதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

எளிமை நிச்சயமாகக் குறை இல்லை. காக்கா வடை திருடிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட எளிய கதை இருக்கிறதா? திருடியதால் காக்காவின் வாயில் வடை இருக்கிறது, வடை இருப்பதால் நரி வருகிறது, நரி புகழ்வதால் காக்கா பாடுகிறது, பாடுவதால் வடை விழுகிறது. எந்தக் கண்ணியை எடுத்தாலும் கதை அறுந்துவிடும். இந்தப் படத்தில் நான் தேடியது அந்தப் பிணைப்பைத்தான்.

நீங்கள் அழுத இடத்தில் அது இருக்கிறது. சோளம் திருட வந்த மனிதக் குட்டியைக் கதாநாயகனான குட்டி டைனோசர் ஆர்லோ கொல்லாமல் தப்பவிடுகிறான். அப்பாவுக்குக் கோபம். ‘வா, பிடிக்கலாம்’ என்று மழையில் இழுத்துக்கொண்டு போகிறார். வெள்ளம் வருகிறது, மகனை மேலே தள்ளிவிட்டு அவர் போய்விடுகிறார். மகனின் இரக்கமும் அப்பாவின் கோபமும் சேர்ந்து அந்தச் சாவைக் கொண்டுவருகின்றன. அதனால்தான் வலிக்கிறது.

அப்புறம் ஆர்லோ ஆற்றில் அடித்துச் செல்லப்படுகிறான், பிணைப்பும் அங்கேயே விட்டுப்போகிறது. கொம்பெல்லாம் பிராணிகளைச் சுமந்துகொண்டு ஒரு விசித்திர டைனோசர் வருகிறது, கூட இருக்கும் அந்த மனிதக் குட்டிக்குப் பெயர் வைக்கப் போட்டி நடக்கிறது, ‘ஸ்பாட்’ என்று பெயர் அமைகிறது, அந்த டைனோசர் போய்விடுகிறது. புளித்த பழத்தைத் தின்று ஆர்லோவும் ஸ்பாட்டும் கிறங்குகிறார்கள். புயலுக்குப் பின் பறக்கும் கொடியவர்கள் வருகிறார்கள். மாடு மேய்க்கும் டி-ரெக்ஸ் டைனோசர் குடும்பம் வருகிறது. இவற்றில் பலவற்றை முன்பின் மாற்றி வைத்தாலும் படம் அப்படியே ஓடும். கணினியில் தண்ணீரை ஓடவிடும்போது, இந்த நொடியில் அது எங்கே, எந்த வேகத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்த நொடியைக் கணக்கிடுகிறார்கள். அதனால்தான் உங்கள் மகன் அதை நிஜ ஆறு என்று நம்பினான். நீருக்குக் கொடுத்த அந்தத் தொடர்ச்சியைச் சம்பவங்களுக்கும் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொரு இடம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பயத்தைத் தாண்டிப் போனால்தான் அழகு தெரியும் என்று அப்பா சொல்லிக்கொடுக்கிறார். பின்னால் வரும் கிழட்டு டி-ரெக்ஸ், முதலை முகத்தைக் கடிக்க வரும்போது பயம் இல்லையென்றால் நீ உயிரோடே இல்லை என்கிற மாதிரி பேசுகிறார். எவ்வளவு நல்ல முரண்! அப்பா சொன்னது போதாது என்று மகனுக்குப் புரிகிற நொடி அங்கே தயாராக இருக்கிறது. படம் அதில் நிற்காமல் மாடுகளை விரட்டப் போய்விடுகிறது.

இதற்குத் தயாரிப்பில் நடந்தவையும் ஒரு காரணமாக இருக்கலாம். முதலில் இயக்கிய பாப் பீட்டர்சனை 2013இல் மாற்றினார்கள். பீட்டர் சோன் பொறுப்பேற்றார். 2014 மே மாதம் வர வேண்டிய படம் 2015 நவம்பருக்குத் தள்ளிப்போனது. குரல் கொடுத்தவர்களில் பெரும்பாலோரையும் மாற்றினார்கள். பிக்ஸாருக்கு நஷ்டம் கொடுத்த முதல் படமும் இதுதான். ஆனால் பார்க்கிறவருக்குத் திரையில் இருப்பதுதான் படம்.

இவர்களால் முடியாதது இல்லை என்பதற்குப் படத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. ஆர்லோ தன் குடும்பத்தில் ஆளுக்கொரு குச்சியாக மணலில் நட்டு, சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டுகிறான். பேச்சு வராத ஸ்பாட்டும் மூன்று குச்சிகளை நடுகிறான். பெரிய குச்சிகள் இரண்டையும் படுக்கவைத்து மேலே மணலைத் தள்ளி மூடுகிறான். அருவி இல்லை, மலை இல்லை, வசனமும் அநேகமாக இல்லை. அனாதை என்பதை ஒரு குழந்தைக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கடைசியில் ஒரு மனிதக் குடும்பத்தையும் ஸ்பாட்டையும் சேர்த்து ஆர்லோ வட்டம் போடும்போது நெஞ்சு அடைத்துக்கொள்வது இந்தக் காட்சி முன்னால் இருப்பதால்தான். படம் முழுக்க இப்படி இருந்திருக்கலாமே என்று எனக்குத் தீராத ஏக்கம்.

திரையரங்குகளில் இந்தப் படத்துக்கு முன்னால் ஒரு குறும்படம் போட்டார்கள், ‘சஞ்சய்’ஸ் சூப்பர் டீம்’. இந்திய வம்சாவளியினரான சஞ்சய் படேல் தன் சின்ன வயதை வைத்து எடுத்தது. ஏழு நிமிடம்தான். ஒரு பக்கம் மகன் டிவியில் சூப்பர் ஹீரோ கார்ட்டூன் பார்க்கிறான், மறுபக்கம் அப்பா மணியடித்துப் பூஜை செய்கிறார். டிவி சத்தத்துக்கும் மணிச் சத்தத்துக்கும் நடக்கும் சண்டையிலிருந்தே கதை கிளம்புகிறது. பூஜையில் கட்டாயமாக உட்கார வைக்கப்பட்ட பையன், கடைசியில் அந்தச் சாமிகளையே சூப்பர் ஹீரோக்களாக வரைந்து அப்பாவிடம் காட்டுகிறான். நடுவில் வரும் எதையும் இடம் மாற்ற முடியாது. உங்கள் மகனோடு அதையும் பாருங்கள். அவன் என்ன சொன்னான் என்று கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்.