ரஸ்ஸலும் நியாயப் பண்டிதர்களும்

கேள்வி: நவீன இந்தியத் தத்துவவாதிகள் மரபுப் பண்டிதர்களோடு நேராக விவாதித்ததுண்டா?

பதில்: உண்டு. 1983-இல் புனேயில் இந்தியத் தத்துவவாதி தயா கிருஷ்ணா உள்ளிட்டோர், பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் 'புரொபொசிஷன்' (மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கக்கூடிய கூற்று) பற்றிய கருத்துகளைச் சமஸ்கிருதத்தில் பண்டிதர்கள் முன் வைத்தார்கள். அருமையான முயற்சி! சிக்கல் 'புரொபொசிஷன்' என்ற முதல் சொல்லை மொழிபெயர்ப்பதிலேயே தொடங்குகிறது. 'வாக்கியம்' என்றால் அது வெறும் சொற்கோவை. 'ஞானம்' (அறிதல்) என்றாலோ, நியாயம் என்னும் இந்தியத் தர்க்க மரபில் அது நம் ஆன்மாவில் எழுந்து மறையும் குணம். யாரும் அறியாமலே மெய்யாக நிற்கும் கூற்றுக்கு அங்கே இடமில்லை. இதைக் குறையென்று எண்ணுவதுதான் பலர் செய்யும் பிழை.

நீங்கள் அன்னம்பட்டரின் தொடக்க நியாய நூலான தர்க்கசங்கிரகத்தை, அவரே எழுதிய தீபிகை உரையோடு படியுங்கள். அனுமானத்தின் (தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அறிவதன்) ஐந்து உறுப்புகளை, அதாவது வாதத்தின் ஐந்து படிகளை, அரிஸ்டாட்டிலின் மூன்றாகச் சுருக்காதீர்கள். மலையில் புகையைக் கண்டு தீ உண்டென்று வாதிடும்போது, அந்த ஐந்தில் ஒன்றாக வரும் 'சமையலறையில் புகையோடு தீ இருப்பதுபோல' என்ற உதாரணம், எதிரே இருப்பவரும் ஏற்கும் பொதுத்தளம்.