வணிக மனையைப் பிரிக்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி: சார், 2,400 சதுர மீட்டர் வணிக மனை. ஒரு பாதியில் இரண்டு மாடிக் கடைக் கட்டடம், மறுபாதி காலி. எங்கள் மண்டலத்தில் குறைந்தபட்ச மனை அளவு 600 சதுர மீட்டர்தான். சரிபாதியாகப் பிரித்துக் காலி இடத்தை விற்கலாம் அல்லவா?

பதில்: மனை அளவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். காலி மனை பெரும்பாலும் தேறிவிடும். மாட்டிக்கொள்வது கட்டடம் நிற்கும் மனைதான்.

கட்டடத்தின் மொத்தத் தளப்பரப்பு 2,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது எஃப்.எஸ்.ஐ., அதாவது மொத்தத் தளப்பரப்பை மனைப்பரப்பால் வகுத்த விகிதம், 0.83. பாதியாக்கியதும் அதே கட்டடம் 1,200 சதுர மீட்டர் மனையில் நிற்கும், எஃப்.எஸ்.ஐ. 1.67 ஆகிவிடும். உங்கள் மண்டலத்தின் உச்சவரம்பு 1.5 என்றால், ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமலே கட்டடம் விதிமீறல் ஆகிறது. அப்படி ஒரு வரைபடத்துக்கு நகரமைப்பு அலுவலகம் கையெழுத்துப் போடாது.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 2,000-ஐ 1.5-ஆல் வகுத்தால் சுமார் 1,334. கட்டட மனை அதற்குக் குறையக் கூடாது. காலி மனைக்கு மிஞ்சுவது 1,066. பிறகு கட்டடம் மூடும் தரைப்பரப்பின் விகிதம், சாலை முகப்பு அகலம், பக்க இடைவெளி, பசுமைப் பரப்பு, பார்க்கிங் என ஒவ்வொன்றையும் இரண்டு மனைக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். எது அதிகம் நெருக்குகிறதோ அதுதான் கோடு எங்கே விழ வேண்டும் என்று சொல்லும்.

கேள்வி: கட்டடச் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளிக் கோடு போட நினைக்கிறோம். அந்தப் பக்கம் ஜன்னல்கள் இருக்கின்றன.

பதில்: அங்கே இரண்டு விதிகள் குறுக்கே வரும். மண்டல விதியின் பக்க இடைவெளி ஒன்று, தீப்பாதுகாப்பு இன்னொன்று. மண்டல விதியில் பக்க இடைவெளியே தேவையில்லை என்றிருந்தாலும் இரண்டாவது விடாது. சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பைப் பின்பற்றும் நகரங்களில், மனை எல்லைக்கு 3 அடிக்குள் இருக்கும் சுவரில் பொதுவாகத் திறப்பே கூடாது. 3 முதல் 5 அடிக்குள், தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லாத கட்டடமென்றால், தீத்தடுப்புள்ள திறப்புகள் மட்டும், சுவர்ப்பரப்பில் 15 சதவீதம் வரை. உங்கள் 1 மீட்டர் இந்த இடைப்பட்ட அளவில்தான் விழுகிறது. ஜன்னல்களை அடைப்பதைவிடக் கோட்டை இன்னும் தள்ளிப் போடுவதே பெரும்பாலும் மலிவு. அளவைச் சர்வேயர் எடுக்கட்டும். பழைய வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பது போதாது.

கேள்வி: பார்க்கிங் முழுவதும் காலிப் பக்கம் போய்விடுகிறது. இரண்டு மனைக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பல நகரங்கள் ஒப்புக்கொள்ளும். ஆனால் வாய்ப்பேச்சோ, இருவருக்குள் எழுதிய வெற்று ஒப்பந்தமோ செல்லாது. நிலத்தோடு சேர்ந்து அடுத்த உரிமையாளரையும் கட்டுப்படுத்தும் பதிவுசெய்த பாத்தியம், அதாவது அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை, வேண்டும். எத்தனை வண்டிக்கு இடம், வந்துபோகும் வழி எது, தார் போடுவதும் விளக்கும் யார் செலவு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

இன்னொரு நுணுக்கம்: பல நாட்டுச் சட்டங்களில் ஒருவர் தன் நிலத்தின்மீது தனக்கே பாத்தியம் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு மனையும் உங்கள் பெயரில் இருக்கும்போது எழுதினால் பிறகு நிற்காமல் போகலாம். விற்பனைப் பத்திரத்தோடு சேர்த்து எழுத வேண்டுமா, முன்பே வேறு வடிவில் பதியலாமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பின்பக்க மனைக்குச் சாலை இல்லை. முன்மனை ஓரமாக 4 மீட்டர் பாதை விட்டால் போதுமா ஐயா?

பதில்: வணிகத்துக்கு 4 மீட்டர் மிகக் குறைவு. சரக்கு லாரி எதிரெதிரே வர முடியாது. தீயணைப்பு வண்டிக்கும் இடிக்கும். சர்வதேசத் தீ விதித்தொகுப்பு கேட்பது தடையற்ற 20 அடி, ஏறத்தாழ 6.1 மீட்டர். முட்டுச்சந்தாக 150 அடிக்கு மேல் உள்ளே போனால் வண்டி திரும்புவதற்கும் இடம் விட வேண்டும். பாதைத் துண்டின் பரப்பைப் பல நகரங்கள் மனையளவில் சேர்ப்பதில்லை, அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அளவு கொஞ்சம்தான் குறைகிறது. விதிவிலக்குக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைப்பது கடினம். நிலத்தின் இயல்பான குறைக்குத்தான் விதிவிலக்கு. நீங்களே பிரித்து உண்டாக்கிக்கொண்ட குறை பெரும்பாலும் எடுபடாது.

கேள்வி: எதை முதலில் செய்வது? வங்கிக் கடன் வேறு இருக்கிறது.

பதில்: வங்கியிடம் முதலில் பேசுங்கள். அடமானம் முழு மனைமீதும் இருக்கும். விற்கும் பகுதியை மட்டும் விடுவிக்க அவர்கள் மதிப்பீடு செய்து எழுத்தில் சம்மதம் தர வேண்டும், அதற்கு நாளாகும்.

அதே நேரத்தில் சர்வேயை முடித்து, முதல்நிலை வரைபடத்தோடு நகரமைப்பு அலுவலகத்தில் விண்ணப்பத்துக்கு முன்பான ஆலோசனை கேளுங்கள். குடிநீர், கழிவுநீர், மழைநீர்க் குழாய்கள் எந்த மனைக்கடியில் போகின்றன என்பதையும் சர்வேயில் குறிக்கச் சொல்லுங்கள். பின்மனையின் கழிவுநீர்க் குழாய் முன்மனைக்கடியில் ஓடினால், தனி இணைப்போ குழாய்ப் பாத்தியமோ இல்லாமல் ஒப்புதல் நகராது. முதல்நிலை ஒப்புதலுக்குக் காலாவதி உண்டு; அந்தத் தேதிக்குள் நிபந்தனைகளை முடித்து இறுதி வரைபடத்தைப் பதிவுசெய்யுங்கள். பதிவாகும் வரை சட்டப்படி அது ஒரே மனைதான், முன்கூட்டிக் கிரயம் எழுதிவிடாதீர்கள்.