வீட்டு வைத்திய புக் வாங்கறதுக்கு முன்னாடி மஞ்சக்காமாலை பக்கத்தை படிச்சுப் பாருங்க

நீங்க கேட்டிருக்கறது இதுதான்: வீட்டுல வெச்சுக்க ஒரு இயற்கை மருத்துவ கைடு வாங்கணும், பாத்து வெச்சிருக்கற புக்குக்கு ரிவ்யூ பூரா அஞ்சு ஸ்டார், "எங்கப்பாவுக்கு மஞ்சக்காமாலை ஒரே வாரத்துல இறங்கிருச்சு", "டாக்டருங்க கைவிட்டதை இந்த புக் சரி பண்ணுச்சு"ன்னெல்லாம் எழுதியிருக்காங்க, அதை நம்பி வாங்கலாமா?

எங்க குடும்பத்துக்கு மதுரையில நாட்டு மருந்து கடை. அப்பா காலத்துல சீட்டுல எழுதிட்டு வருவாங்க, இப்ப புக்கோட பக்கத்தை போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து பெருசு பண்ணி காட்டி "இதுல இருக்கறதெல்லாம் குடுங்கண்ணே"ன்னு கேக்கறாங்க. அதனால நான் காசு குடுத்து வாங்காத புக்கு பக்கமெல்லாம் கூட நிறைய படிச்சிருக்கேன். புக்கே வேணாம்னு சொல்ல மாட்டேன், நல்ல புக்கு இருக்கு. ஆனா ரிவ்யூவை வெச்சு நல்லது எது கெட்டது எதுன்னு பிரிக்கவே முடியாது. ஏன்னு சொல்றேன்.

மஞ்சக்காமாலையவே எடுத்துக்கங்க, ஏன்னா எந்த கைடா இருந்தாலும் அதுல அதிக ரிவ்யூ வாங்கறது அந்தப் பக்கம்தான். கீழாநெல்லிய அரைச்சு மோர்ல கலந்து வெறும் வயித்துல குடிச்சேன், கண்ணு வெளுத்துருச்சுன்னு எழுதுவாங்க. அவங்க பொய் சொல்லல, நிஜமாவே வெளுத்திருக்கும். நம்ம ஊருல தண்ணி, சாப்பாடு மூலமா வர்ற ஹெபடைடிஸ் ஏ வகை காமாலை பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துல தானா இறங்கிரும், கீழாநெல்லி குடிச்சாலும் இறங்கும், குடிக்காம பத்தியமா ரெஸ்ட் எடுத்தாலும் இறங்கும். காமாலை உச்சத்துக்கு வந்தப்பறம்தான் ஆளுங்க இலையைத் தேடி ஓடுறாங்க, அது இறங்கப்போற நேரமும் அதுதான், பேரு இலைக்குப் போயிருது. குடிச்சும் சரியாகாதவங்க ரிவ்யூ எழுத வர்றதில்ல, அவங்க ஆஸ்பத்திரியில இருப்பாங்க.

அதே சமயம் கீழாநெல்லிய ஒண்ணுமில்லன்னும் தள்ளிர முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்துல எஸ்.பி. தியாகராஜன் தலைமையில நடந்த ஆராய்ச்சி 1988-ல லான்செட்ங்கற பெரிய மருத்துவ இதழ்லயே வந்துச்சு, ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புல தங்கிட்டவங்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி குடுத்ததுல 37 பேர்ல 22 பேருக்கு கிருமி அடையாளம் ரத்தத்துல காணாமப் போச்சு, வெறும் டம்மி மாத்திரை சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் போச்சு. உலகமே திரும்பிப் பாத்துச்சு. ஆனா அதுக்கப்பறம் மத்த இடங்கள்ல செஞ்சு பாத்தப்ப அந்த ரிசல்ட் நிலைக்கல. இந்த ரெண்டு பாதியையும் ஒரு நல்ல புக் சொல்லணும். நான் பாத்த முக்கால்வாசி புக்ல முதல் பாதி மட்டும் "அமெரிக்காவே ஒத்துக்கிட்டது"ங்கற மாதிரி இருக்கும், ரெண்டாவது பாதி இருக்காது. அந்த ஆராய்ச்சி பி கிருமிக்கு மட்டும் செஞ்சது, எல்லா காமாலைக்கும் இல்லங்கறதையும் விட்டுருவாங்க.

காமாலைங்கறது ஒரே நோய் இல்ல, அதுதான் இங்க விஷயமே. பித்தக்குழாய்ல கல்லு அடைச்சாலும் கண்ணு மஞ்சளாகும், கணையத்துல கட்டி வந்தாலும் ஆகும், எலிக்காய்ச்சல்லயும் ஆகும். கடைக்கு ஒரு தடவ ஒருத்தர் வந்தாரு, அம்பது வயசு தாண்டியிருக்கும், கண்ணு நல்ல மஞ்சள், கையெல்லாம் சொறிஞ்ச தடம், புக் பாத்துட்டு கீழாநெல்லியும் கரிசாலையும் கேட்டாரு. அப்பா சரக்கை எடுக்கவே இல்ல, "வெளிக்கி என்ன கலர்ல போகுது தம்பி"ன்னு கேட்டாங்க. வெள்ளையா, சாம்பல் மாதிரி போகுதுன்னாரு, சிறுநீர் காப்பி டிகாஷன் மாதிரி இருக்குன்னாரு. "இது அடைப்பு மாதிரி இருக்கு, இலை கேக்காது, இன்னைக்கே போய் ஸ்கேன் பாருங்க"ன்னு அனுப்பி வெச்சாங்க. பித்தநீர் குடலுக்கு இறங்காம போனாத்தான் மலம் வெளுத்துப் போகும், உடம்பும் அரிக்கும். எத்தனை நாள் இலையை அரைச்சுக் குடிச்சாலும் கல்லு நகராது, அந்த நாள்ல சீழ் புடிச்சு ரத்தத்துல கலந்தா உயிருக்கே ஆபத்து. "மலம் வெளுத்தா, உடம்பு அரிச்சா, காய்ச்சலோட குளிர் நடுக்கம் வந்தா, பேச்சு குழறினா, கர்ப்பிணியா இருந்தா இதை செய்யாதே, ஆஸ்பத்திரிக்கு போ"ங்கற வரி அந்தப் பக்கத்துல இருக்கான்னு பாருங்க. கர்ப்பிணின்னு தனியா சொல்றேன்னா காரணம் இருக்கு, ஹெபடைடிஸ் ஈ வகை வந்தா மத்தவங்களுக்கு பெரும்பாலும் தானா சரியாயிரும், ஆனா கடைசி மூணு மாசத்துல இருக்கற பொண்ணுங்கள்ல 100-க்கு 20, 25 பேர் வரைக்கும் செத்துப்போறாங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அந்த ஒரு வரி இல்லாத புக்குக்கு ஆயிரம் பேர் அஞ்சு ஸ்டார் குடுத்திருந்தாலும் நான் வீட்டுல வெக்க மாட்டேன்.

அடுத்து குழந்தை பக்கம். இங்க எனக்கு கோவமே வரும். "பச்சிளம் குழந்தைக்கு வசம்பை சுட்டு தேன்ல குழைச்சு நாக்குல தடவவும்"னு ஒரே வரியில ரெண்டு தப்பு இருக்கும். ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு தேன் தரவே கூடாது, அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்தக் குடல்ல வளர்ந்து நஞ்சை உண்டாக்கி உடம்பையே தளர வெச்சிரும், பெரியவங்க குடல் அதை தாங்கும், கைக்குழந்தை குடல் தாங்காது. வசம்புல இருக்கற அசரோன்ங்கற பொருளால ஆபத்துன்னு அமெரிக்காவுல 1968-லயே உணவுல சேக்கறதை தடை பண்ணிட்டாங்க. எங்க பாட்டி உரை மருந்து இழைப்பாங்க, சந்தனக்கல்லுல தாய்ப்பால் விட்டு கடுக்காய் ஒரு இழை, ஜாதிக்காய் ஒரு இழை, மாசிக்காய் ஒரு இழைன்னு அளவு கையிலயே இருக்கும், மொத்தமா சேத்தாலும் ஒரு சங்கு நிறையாது. புக்குல "உரசிக் கொடுக்கவும்"னு மட்டும் இருக்கு. இன்னைக்கு இளம் அம்மா அதைப் படிச்சுட்டு மிக்ஸியில பொடி பண்ணி அரை ஸ்பூன் குடுத்தா என்ன ஆகறது? பாட்டி கையில இருந்த அளவை எழுத முடியலன்னா அந்த மருந்தையே எழுதாம விட்டிருக்கணும். வேப்பெண்ணெயும் அப்படித்தான், வயித்துப்பூச்சிக்கு குழந்தைக்கு உள்ளுக்கு குடுன்னு இன்னும் எழுதறாங்க, மலேசியாவுல வேப்பெண்ணெய் குடுத்த கைக்குழந்தைங்களுக்கு வாந்தி, வலிப்பு, மயக்கம், ஈரல் பாதிப்புன்னு வந்ததை 1981-லயே டாக்டருங்க பதிவு பண்ணிட்டாங்க.

அளவுன்னு சொன்னதும் இன்னொண்ணு. பழைய பாட்டுல இருக்கற குன்றிமணி எடை, வராகன் எடை, பலம் எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு கிராம் கணக்கு போடாத புக் நிறைய வருது. சித்த மருத்துவக் கணக்குல குன்றிமணின்னா 130 மில்லிகிராம், வராகன் 4.2 கிராம், பலம் 35 கிராம். குன்றிமணிக்கு பதிலா வராகனை எடுத்தாலே முப்பது மடங்குக்கு மேல வித்தியாசம். சுக்கு, மிளகுன்னா வயிறு எரியறதோட போயிரும், எட்டிக்கொட்டைன்னா ஆளே போயிருவாங்க. சேராங்கொட்டைய சுத்தி பண்ணாம, அதாவது நஞ்சை முறிக்காம தொட்டாலே கையெல்லாம் கொப்புளம் வெக்கும், அதை "ஒன்று எடுத்து நெய்யில் வதக்கி"ன்னு சாதாரணமா அச்சடிச்சிருக்காங்க. எட்டி, சேராங்கொட்டை ரெண்டுமே மருந்து சட்டத்துல நஞ்சுன்னு தனிப் பட்டியல்ல இருக்கறது, அது சேர்ந்த மருந்து டப்பாவுலயே வைத்தியர் மேற்பார்வையில சாப்பிடணும்னு எச்சரிக்கை போட்டாகணும். புக்குல மட்டும் அந்த எச்சரிக்கை இருக்காது.

கிட்னி பக்கத்தையும் ஒரு பார்வை பாத்துருங்க. போன மழைக்காலத்துல ஒரு அக்கா போன்ல பக்கத்தை காட்டி நெருஞ்சில் கேட்டாங்க. "சின்னதா பெருசாக்கா"ன்னு கேட்டேன், அவங்களுக்கு தெரியல, பக்கத்துல போட்டோ யானை நெருஞ்சில், கீழ போட்டிருந்த தாவரப் பேரு சிறு நெருஞ்சில், ரெண்டும் வேற வேற குடும்பத்துச் செடி. யாருக்குன்னு கேட்டா வீட்டுக்காரருக்காம், ரத்தத்துல கிரியேட்டினின் ஏறியிருக்காம், அதாவது கிட்னி வேலை செய்யறது குறைஞ்சிருக்கு. அந்தப் பக்கத்தோட தலைப்பே "சிறுநீரகக் கோளாறு". கல்லு இருக்கறவரும் கிட்னி வேலை செய்யறது குறைஞ்சவரும் அந்தப் புக்குக்கு ஒண்ணுதான், ரெண்டு பேருக்குமே நெருஞ்சில் கஷாயம், இளநீர், வாழைத்தண்டு ஜூஸ். கல்லுக்காரர் தண்ணி நிறைய குடிக்கணும், கிட்னி குறைஞ்சவருக்கு டாக்டர் தண்ணியையே அளந்து குடுத்திருக்கலாம், இளநீர்ல இருக்கற பொட்டாசியம் அவர் ரத்தத்துல ஏறினா இதயத்துடிப்பே கெட்டுப்போகும். அக்காவுக்கு சரக்கு குடுக்கல, டாக்டரை கேட்டுட்டு வாங்கன்னுட்டோம், கொஞ்சம் மனத்தாங்கலோடதான் போனாங்க.

சர்க்கரைக்கு நீளமா சொல்ல வேண்டியதில்ல. "மாத்திரையை நிறுத்திவிடலாம்", "இன்சுலின் தேவைப்படாது"ன்னு எந்தப் பக்கத்துலயாவது இருந்தா புக்கை அங்கயே வெச்சுட்டு வாங்க. ஆவாரம்பூவும் சிறுகுறிஞ்சானும் நாங்களே விக்கறோம், ஆனா டைப் 1 சர்க்கரை இருக்கற பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினா வாரக்கணக்கு கூட தாங்காது. சர்க்கரை, புற்றுநோய் மாதிரி நோய்களை குணப்படுத்தறோம்னு மருந்துக்கு விளம்பரம் பண்றதையே 1954-ம் வருஷத்து சட்டம் தடுக்குது, விளம்பரத்துல சொல்ல முடியாததை புக்கா அச்சடிச்சா மட்டும் உண்மையாயிருமா?

இவ்வளவும் சொன்னதால எல்லாத்தையும் தூக்கிப் போட சொல்றேன்னு நினைச்சுராதீங்க. இந்த வைத்தியத்துலதான் நாங்க வளர்ந்தோம், சோறு போடறதும் இதுதான். நல்ல கைடு என்ன செய்யும்னா, சளிக்கு கற்பூரவல்லியும் தூதுவளையும், வயித்துப் பொருமலுக்கு ஓமத்தண்ணியும், தலைபாரத்துக்கு நொச்சி வேதும், வாந்தி உணர்வுக்கு இஞ்சியும்னு தினசரி வீட்டுல நடக்கற சின்னச் சின்ன உபாதைகளுக்கு எதை எப்படின்னு தெளிவா சொல்லும், செடியோட நிஜ போட்டோவும் தாவரவியல் பேரும் போடும், அளவை கிராம்லயும் மில்லியிலயும் எழுதும். கபசுரக் குடிநீருக்கு 2020-ல 5 கிராம் பொடி, 240 மில்லி தண்ணி, 60 மில்லியா வத்தணும்னு சொன்னாங்கல்ல, அந்த மாதிரி. அதுக்கு மேல "இத்தனை நாள்ல குறையலன்னா நிறுத்து"ன்னு சொல்லும், "பிரஷர் இருந்தா அதிமதுரம் தொடர்ந்து எடுக்காதே"ன்னு சொல்லும், ஏன்னா அதிமதுரம் பிரஷரை ஏத்தும், பொட்டாசியத்தை இறக்கும். தொண்டைக்கட்டுக்கு ஒரு துண்டு வாயில அடக்கறது வேற, மாசக்கணக்குல பொடியா சாப்பிடறது வேற.

எழுதினவர் யாருன்னும் பின்னட்டையில பாருங்க, சித்த மருத்துவம் அஞ்சரை வருஷம் படிச்ச பி.எஸ்.எம்.எஸ் டாக்டரா, இல்ல அங்கங்க வந்ததை தொகுத்தவரான்னு. தொகுத்தவர் எல்லாரும் மோசம்னு இல்ல, ஆனா ஒரு புக்குல இருக்கற தப்பு அடுத்த புக்குக்கு எழுத்து மாறாம போறது தொகுப்புலதான். சந்தேகம் வந்தா தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, எங்க தெக்கத்திக்காரங்களுக்கு பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு, ரெண்டு இடத்துலயும் ஓ.பி. பாக்கறாங்க, சாப்பிடற இங்கிலீஷ் மருந்து சீட்டையும் கையோட எடுத்துட்டு போங்க.

ரிவ்யூவை படிச்சே ஆகணும்னா மூணு ஸ்டார், ரெண்டு ஸ்டார் குடுத்தவங்களை படிங்க, "அளவு போடல", "போட்டோ தெளிவா இல்ல", "என் பி.பி. மாத்திரையோட சேக்கலாமான்னு இல்ல"ன்னு எழுதினவங்க புக்கை நிஜமா திறந்து பாத்தவங்க. நீங்க வாங்கப்போற புக்கோட காமாலை, குழந்தை, கிட்னி பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து கீழ கமெண்ட்ல போடுங்க, கடை சாத்தினப்பறம் ராத்திரி உக்காந்து பாத்து சொல்றேன்.