ஆறாம் கிழமை ஸ்கானில் துடிப்புத் தெரியவில்லை என்றால்

தங்கச்சி, ஆறு கிழமையில் ஸ்கானில் கரு வளரும் பை மட்டும் தெரிகிறது, இதயத்துடிப்பு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். 35 நாளுக்கு ஒருமுறைதான் மாதவிடாய் என்றீர்களே, விசயமே அதில்தான் இருக்கிறது. கிழமைக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளில் தொடங்கும். 28 நாள் சுற்றில் 14ஆம் நாளளவில் முட்டை வெளிவரும். உங்களுக்கு 21ஆம் நாளளவில்தான். கருக்கட்டிய முட்டை குழாய்வழியே பிரிந்து பிரிந்து நகர்ந்து, கிட்டத்தட்ட ஒரு கிழமை சென்றுதான் கருப்பைச் சுவரில் ஒட்டும். முட்டை ஒரு கிழமை பிந்தி வெளிவந்ததால் உங்கள் கருவுக்கு இந்தக் கணக்கில் ஐந்து கிழமைதான் இருக்கக்கூடும். அப்போது பை மட்டும் தெரிவது வழமை. இரண்டு கிழமை கழித்து மறுபடி ஸ்கான் எடுக்காமல் மனதை விடாதீர்கள். போலிக் அமிலக் குளிசையையும் நிறுத்த வேண்டாம். ஒரு பக்கக் கடும் வயிற்றுவலி, தோள்வலி, மயக்கம், அதிக இரத்தப்போக்கு வந்தால் மட்டும் பொறுக்காமல் யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள், நடுச்சாமமென்றாலும்.