கோபத்தில் வார்த்தையை விட்டபின் மனதார மன்னிப்புக் கேட்பது எப்படி?

கூட வேலை செய்யும் தம்பியை எல்லார் முன்னாலும் திட்டிவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் 'சாரி' அனுப்பியும் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டு மன்னிப்பை மட்டும் தனியாக போனில் கேட்டால் அவர் மனசு எப்படி ஆறும்?

கோவையில் நான் வேலை பார்த்த லேத் பட்டறையில் ஃபோர்மேன் ஒருவர், அளவு தப்பிப்போன ஒரு ஷாஃப்டுக்காக (இரும்புத் தண்டு) ஒரு பையனை அவன் அப்பா வரைக்கும் இழுத்துத் திட்டிவிட்டார். மறுநாள் டீ வந்த நேரம், எல்லாரும் டம்ளரும் கையுமாக நிற்கும்போது அவனிடம் வந்தார். "நேத்து உங்கப்பாவப் பத்தி நான் பேசுனது தப்பு கண்ணு. ஷாஃப்டு போனா வேற கடைஞ்சுக்கலாம். அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான். பையன் பதில் பேசவில்லை, கையிலிருந்த, அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "சரி விடு, மறந்துடு" என்று தோளைத் தட்டி அவனை அவசரப்படுத்தவும் இல்லை அவர். நான் பார்த்ததிலேயே சுத்தமான மன்னிப்பு அதுதான்.

"வேலை டென்ஷன்", "நீயும் கவனமா இருந்திருக்கணும்" என்றெல்லாம் அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 'ஆனால்' என்று ஆரம்பித்தாலே அது இரண்டாவது திட்டாகிவிடும்.

இப்படிக் கேட்டாலும் உடனே எல்லாம் சரியாகிவிடாது. 2008 ஐபிஎல் கிரிக்கெட்டில் மொகாலி ஆட்டம் முடிந்ததும், எதிரணியில் ஆடிய ஸ்ரீசாந்தை ஹர்பஜன் சிங் அறைந்தார். அந்த சீசனின் மிச்ச ஆட்டங்களுக்கு ஹர்பஜனுக்குத் தடை விழுந்தது. அதன்பிறகு வெளிப்படையாகவே பலமுறை மன்னிப்புக் கேட்டார், இருவரும் பழகவும் ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியும், என் அப்பாவை அடித்தவரோடு பேச மாட்டேன் என்று ஸ்ரீசாந்தின் மகள் தன்னிடம் சொன்னதை 2025-இல் அஸ்வினின் யூடியூப் சேனலில் மனம் உடைந்து சொன்னார் ஹர்பஜன். அறை விழுந்தபோது பிறந்தே இராத குழந்தை அது!

அதனால் அந்தத் தம்பிக்கு நேரம் கொடுங்கள். திட்டும்போது யார் யார் இருந்தார்களோ அவர்கள் இருக்கும்போதே, எந்த வார்த்தை தப்போ அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அப்புறம் "இன்னும் கோபமா?" என்று நச்சரிக்காதீர்கள். வேலை விஷயத்தை வழக்கம்போலப் பேசுங்கள். அடுத்த முறை அவர் கையில் ஏதாவது தப்பு நடந்தால், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.