ஒப்பந்தத் தொகையும் அந்தரங்கமா?

கேள்வி: எங்கள் நகராட்சியில் குப்பை அள்ளும் வேலையைத் தனியார் ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கிறார்கள். மாதாமாதம் எத்தனை பேருக்குப் பில் போடுகிறார்கள், அத்தனை பேரும் உண்மையில் வேலைக்கு வருகிறார்களா என்று தெரிந்துகொள்ள, ஒப்பந்த நகல், பில், வருகைப் பதிவேடு மூன்றையும் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். ‘இவை தனிநபர் தகவல், தர இயலாது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பு வந்தபோது பாராட்டியவர்கள் நீங்கள். இன்று அதைச் சொல்லித்தான் எங்களை விரட்டுகிறார்கள். இப்போது நீங்கள் எந்தப் பக்கம்? (பெயர், ஊர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: இரண்டின் பக்கமும்தான். அந்தத் தீர்ப்பைப் பாராட்டியதில் எங்களுக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. உங்களுக்கு வந்த பதில் தனியுரிமையைக் காப்பதற்காக எழுதப்பட்டது என்றும் நான் நம்பவில்லை.

காக்க நினைக்கும் அலுவலருக்கு வேலை எளிது. பதிவேட்டை நகலெடுத்து, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், செல்பேசி எண், வீட்டு முகவரி இருக்கிற கட்டங்களை மையால் அடித்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: ஓர் ஆவணத்தில் தரக்கூடாத பகுதி இருந்தால் அதை மட்டும் பிரித்துவிட்டு மற்றதைத் தர வேண்டும். உங்கள் நகராட்சியில் யாரும் அந்த மையைத் தொடவில்லை. ஒப்பந்தத் தொகை, பில், கையெழுத்து, காலம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘தனிநபர் தகவல்’ என்று எழுதிவிட்டார்கள். மக்கள் வரிப்பணத்தில் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த தொகை எந்தத் தனிநபருடைய அந்தரங்கம்?

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அதே சட்டத்தின் பழைய 8(1)(ஜே) பிரிவில் தனிநபர் தகவலை மறுக்க வேண்டுமானால் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். ஒன்று, அது எந்தப் பொதுச் செயல்பாட்டோடும் பொது நலனோடும் தொடர்பில்லாததாக இருக்க வேண்டும். இல்லையேல், அதை வெளியிட்டால் ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிட்டதாக ஆக வேண்டும். அப்போதும்கூட, பெரிய பொது நலன் இருந்தால் கொடுத்துவிடலாம். கூடவே ஓர் அருமையான வரியும் இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது. 2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44(3) பிரிவால் இவ்வளவையும் எடுத்துவிட்டது. மிஞ்சியது ‘தனிநபர் தகவல் தொடர்பான தகவல்’ என்ற சில சொற்கள் மட்டுமே. நிபந்தனையும் இல்லை, அந்த அருமையான வரியும் இல்லை.

எனக்கு மிகவும் கோபம் வருவது அடுத்ததை நினைத்துத்தான். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்கான விதிகளை அறிவித்தார்கள். தகவல் உரிமையைச் சுருக்கிய 44(3) பிரிவு உடனே நடைமுறைக்கு வந்தது. தரவைக் கையில் வைத்திருப்பவர்கள் அதைப் பத்திரமாக வைக்க வேண்டும், கசிந்தால் உரியவருக்குச் சொல்ல வேண்டும், தவறினால் அபராதம் என்கிற கடமைகளுக்கோ 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். மக்களின் தகவலைக் காக்க வேண்டிய பாதி 2027-க்குத் தள்ளிப் போனது. மக்கள் தகவல் கேட்பதைத் தடுக்கும் பாதி அன்றைக்கே அமலானது. தனியுரிமைதான் நோக்கம் என்றால் எதை முதலில் கொண்டுவந்திருக்க வேண்டும்?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னபோது, அவர்கள் முன்னால் இருந்த கவலை அரசு தன் குடிமக்களைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்திருக்கலாம் என்பதுதான். ஆதார் வழக்கிலிருந்து பிறந்த தீர்ப்பு அது. அரசு தன் செலவுக் கணக்கை யாருக்கும் காட்டாமல் இருக்க அதில் எங்கும் இடம் தரவில்லை. ஓர் உரிமையில் கைவைக்க வேண்டுமானால் அதற்குச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்ற அளவுகோலையும் அதே தீர்ப்புதான் தந்தது. உங்களுக்குத் தகவல் கேட்கும் உரிமை உண்டு, தொழிலாளிக்குத் தனியுரிமை உண்டு. இரண்டையும் அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் கோடு எங்கே விழும் என்று ஒரு எழுத்தருக்கே தெரிந்துவிடும்.

அரசு அலுவலகங்கள் ஏழைகளின் அந்தரங்கத்தை எப்படிக் காத்தன என்பதையும் நாடு பார்த்திருக்கிறது. அதே 2017-இல் பெங்களூருவைச் சேர்ந்த இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் நான்கு அரசு இணையதளங்களை ஆராய்ந்தது. முதியோர் ஓய்வூதியம், நூறு நாள் வேலை போன்ற திட்டங்களின் தளங்கள் அவை. சுமார் 13 கோடிப் பேரின் ஆதார் எண்களும் சுமார் 10 கோடி வங்கிக் கணக்கு எண்களும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்ததாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆதார் எண்ணைப் பொதுவெளியில் போடக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் 29(4) பிரிவு அப்போதே சொல்லியிருந்தது. கிழவிகளின் கணக்கு எண்ணைத் திறந்து போட்டபோது எந்த அலுவலகத்துக்கும் தனியுரிமை ஞாபகம் வரவில்லை. நீங்கள் பில்லைக் கேட்டதும் வந்துவிட்டது.

சரி, தொழிலாளர் பெயர் விஷயத்துக்கு வருவோம். இதில் உண்மையாகவே யோசிக்க வேண்டியது இருக்கிறது. ‘தூய்மைப் பணியாளரின் பெயரையும் சம்பளத்தையும் ஊருக்குக் காட்டலாமா’ என்று நல்ல மனதோடு கேட்பவர்கள் உண்டு. ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா கிராமத்தில் 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு தன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. வேலைப் பதிவேட்டை ஊர் நடுவில் சத்தமாக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழுந்தது. பெயரை வாசிக்காமல் ‘தொழிலாளி 1, தொழிலாளி 2’ என்று வாசித்திருந்தால் ஒரு பொய்யும் வெளிப்பட்டிருக்காது. தகவல் உரிமைச் சட்டத்துக்கான இயக்கம் வளர்ந்தது இப்படிப்பட்ட கூட்டங்களிலிருந்துதான்.

அதனால் என் கருத்து இது. அரசுப் பணத்தில் கூலி வாங்குபவரின் பெயர், எந்த வார்டில் வேலை, எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, பிஎஃப், இஎஸ்ஐ கட்டினார்களா என்பது வரை வெளியே வர வேண்டும். அதில் அந்தத் தொழிலாளிக்கே லாபம் உண்டு. நகராட்சி தலைக்கு எவ்வளவு என்று பில் பாஸ் செய்கிறது, தன் கைக்கு எவ்வளவு வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வேறு வழி கிடையாது. கணக்கு எண், ஆதார், செல்பேசி, முகவரி, சாதி, உடல்நலக் குறிப்பு எதுவும் வரக் கூடாது. கைரேகை, முகப்பதிவு வருகை எடுக்கும் இடங்களில் அந்தப் பதிவும் வரக் கூடாது. இவற்றில் எதுவும் ஒப்பந்தத்தைச் சரிபார்க்கத் தேவைப்படாது.

ஒப்பந்ததாரரின் பெயரையும் தொகையையும் பொறுத்தவரை வாதத்துக்கே இடமில்லை. தகவல் அறியும் உரிமைக்கென்று 1997-இல் இந்தியாவிலேயே முதலில் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. ஓட்டைகள் நிறைந்த சட்டம்தான், ஆனாலும் முதல் சட்டம். அடுத்த ஆண்டே ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் வந்தது. டெண்டர் யாருக்குக் கிடைத்தது, அவர் முகவரி என்ன, மற்றவர்களை ஏன் தள்ளினார்கள் என்பதை டெண்டர் அறிவிதழுக்கு அனுப்ப வேண்டும் என்று அந்தச் சட்டமே கட்டளையிடுகிறது. சட்டப்படி ஊரறியச் சொல்லியாக வேண்டிய ஒன்றை அந்தரங்கம் என்று ஒரு நகராட்சி எழுதுவது சட்ட மீறல். ‘வணிக ரகசியம்’ என்றும் சில இடங்களில் சொல்கிறார்கள். டெண்டர் திறக்கும் வரை விலை ரகசியம், ஒத்துக்கொள்கிறேன். வேலையைக் கொடுத்துப் பில்லும் பாஸ் ஆன பிறகு எந்த ரகசியம் மிச்சம் இருக்கிறது?

அலுவலர்களுடைய பயம் பற்றியும் சொல்ல வேண்டும், எல்லோரும் திருடர்கள் இல்லை. புதிய சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு என்று கேள்விப்பட்டு நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அபராதம் போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தரவைக் கசியவிட்டதற்கானது. ஒரு சட்டம் வெளியிடச் சொன்ன தகவலை வெளியிட்டால் தரவுப் பாதுகாப்புச் சட்டமே அதற்குப் பொருந்தாது என்று அதன் 3-ஆம் பிரிவு சொல்கிறது. நல்லெண்ணத்தில் செய்ததற்கு 2005 சட்டத்தின் 21-ஆம் பிரிவும் பாதுகாப்புத் தருகிறது. மாறாக, காரணமில்லாமல் தகவலை மறுத்தால் ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அந்த அலுவலர் கைப்பணம் போகும். இதை யாராவது அவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தால் நன்றாக இருக்கும்.

இன்னொரு தனியுரிமையை யாரும் பேசுவதே இல்லை. அது உங்களுடையது. காலையில் மனு கொடுத்தால் மாலைக்குள் மனுதாரர் பெயரும் வீடும் ஒப்பந்ததாரருக்குத் தெரிந்துவிடுகிறது என்று எங்களுக்கு எழுதும் வாசகர் பலர். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டதன் காரணமும் அதுவாகத்தான் இருக்கும். நில மோசடிகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிக்கொண்டுவந்த சதீஷ் ஷெட்டி 2010-இல் புனே அருகே தளேகாவில் கொல்லப்பட்டார். கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-இல் ஒரு வழக்கில் மனுதாரர் தபால் பெட்டி எண்ணைக் கொடுத்தாலே போதும் என்றது. மத்திய அரசு அதைத் தன் துறைகளுக்குச் சுற்றறிக்கையாகவும் அனுப்பியது. அந்தரங்கம் காக்க ஆசைப்படும் அலுவலகங்கள் மனுதாரரின் முகவரியிலிருந்து தொடங்கட்டும்.

இனி செய்ய வேண்டியது. பதில் வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு போடுங்கள். தமிழ்நாட்டில் அதற்குக் கட்டணம் இல்லை. மறுப்புக்குக் காரணமும் மேல்முறையீட்டு அலுவலரின் விவரமும் தர வேண்டும் என்று 7(8) சொல்கிறது, ஒற்றை வரிப் பதில் அதற்கே பொருந்தாது. மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு 19(5)-இன்படி அலுவலருடையது, உங்களுடையது இல்லை. முக்கியமாக 8(2)-ஐ எழுதுங்கள். விலக்கு இருந்தாலும் பொது நலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்கிற அந்தப் பிரிவில் இன்னும் யாரும் கைவைக்கவில்லை. கேட்டதையும் கொஞ்சம் மாற்றுங்கள்: ‘ஆதார், வங்கி, தொலைபேசி, முகவரி விவரங்களை 10-ஆம் பிரிவின்படி அடித்துவிட்டு’ என்ற சொற்களை நீங்களே சேர்த்துவிட்டால் சாக்குச் சொல்ல வழி இருக்காது.

‘பதிவேடு ஒப்பந்ததாரரிடம் இருக்கிறது, எங்களிடம் இல்லை’ என்பது அடுத்த பதிலாக வரலாம். தனியாரிடம் இருந்தாலும் வேறொரு சட்டத்தின்படி அரசு அலுவலகம் கேட்டுப் பெறக்கூடிய தகவல் எல்லாம் 2(எஃப்) பிரிவில் ‘தகவல்’தான். ஒப்பந்ததாரர் கூலி கொடுக்காவிட்டால் நகராட்சியே கொடுக்க வேண்டும் என்பது தொழிலாளர் சட்டம். அந்தப் பொறுப்பில் இருக்கும் நகராட்சி பதிவேட்டைப் பார்த்ததே இல்லை என்று சொன்னால், பில்லை எதை வைத்துப் பாஸ் செய்தார்கள் என்பதை அடுத்த மனுவாகப் போடுங்கள்.

நகல் கேட்பதோடு, பதிவேட்டை நேரில் பார்வையிடவும் கேளுங்கள், 2(ஜே) பிரிவில் அந்த உரிமை இருக்கிறது. மேல்முறையீட்டில் 45 நாளுக்குள் முடிவு வராவிட்டால் அடுத்த 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். உங்கள் வார்டில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்களையும் தங்கள் பிஎஃப், கூலி விவரம் கேட்டுத் தனித்தனியாக மனு போடச் சொல்லுங்கள். அவரவர் தகவலை அவரவர் கேட்கும்போது தனிநபர் தகவல் என்ற பதிலை எழுத எந்த அலுவலராலும் முடியாது.