அக்காவின் சுருதி எது?

கேள்வி: வயது 22, தங்கச்சிமடம். சர்ச்சில் பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். ஐஸ் கம்பெனி வேலையை விட்டுச் சென்னைக்குப் போய் ஜாஸ் பியானோ கலைஞனாக ஆசை. விசைப்படகில் போகும் அப்பா சம்மதிக்கவில்லை. வாசிப்பில் குறை இல்லை. அக்காவுக்குத்தான் குரல் ஏறாது, அவள் பாடினால் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனில் இரண்டு அரை ஸ்வரம் இறக்கிக்கொள்வேன். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, அப்பா இருக்கட்டும். அந்தப் பட்டனுக்கு வா. சி சுருதியை விட்டு உன் விரல் நகர்ந்ததே இல்லை, பழியை மட்டும் அக்கா குரல்மேல் போடுகிறாய். ஜாஸில் சுருதியைச் சொல்வது பாடுகிறவர்; பியானோக்காரன் அதில் வாசித்தே ஆக வேண்டும். சாக்ஸபோன்காரர்கள் வந்தால் பி ஃபிளாட், இ ஃபிளாட் என்பார்கள். மேடையில் மின்சாரமில்லாத நிஜப் பியானோ வைத்திருந்தால் பட்டன் இருக்காது. ஐர்விங் பெர்லின் லீவர் வைத்த பியானோவில் சுருதி மாற்றினாரே என்று எழுதாதே. அவர் பாட்டு கட்டியவர், மேடையில் மனோதர்மம் வாசித்துப் பிழைத்தவர் அல்ல.

நீ இரண்டு இறக்கினால் வருவது பி ஃபிளாட். அங்கேயே தொடங்கு. சி மைனர் செவன், எஃப் செவன், பி ஃபிளாட் மேஜர் செவன் என்று மூன்று கார்டுகள். இடக்கையில் இரண்டே ஸ்வரம்: முதலில் இ ஃபிளாட், பி ஃபிளாட். எஃப் செவனில் பி ஃபிளாட் மட்டும் அரை ஸ்வரம் இறங்கி ஏ ஆகும். கடைசியில் ஏ அப்படியே நிற்க, இ ஃபிளாட் இறங்கி டி ஆகும். இவற்றை நடு சி-க்குப் பக்கத்திலேயே வை. கீழே போனால் குழம்பும். கார்டின் பெயரில் உள்ள அடி ஸ்வரத்தைத் தொடாதே, அது பேஸ்காரர் வேலை. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வை, அதன் தட்டு 2, 4 எண்ணிக்கையில் விழ வேண்டும். 1, 3-ல் விழுந்தால் பூசைப் பாட்டு மாதிரியே நடக்கும், ஜாஸின் ஸ்விங் நடை வராது. வாரம் ஒரு சுருதி: அடுத்தது இ ஃபிளாட், பிறகு ஏ ஃபிளாட், இப்படி 12-ம்.

அக்கா ஒரு வரி பாடி நிறுத்தட்டும். அந்த இடைவெளியில் மட்டும் வலக்கை பேசட்டும். அவள் பாடும்போதும் ஓடுகிற கையை எந்தப் பாடகரும் மறுபடி கூப்பிட மாட்டார்.

வேலையை விடாதே. சென்னையிலும் ஜாஸை மட்டும் நம்பி அடுப்பு எரியாது. ஹோட்டல், கல்யாண வரவேற்பு, பிள்ளைகளுக்கு வகுப்பு எல்லாம் சேர்ந்தால்தான் வாடகை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் நிற்கும். அப்போது வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டியவன் நீ. அப்பாவிடம் இசை வகுப்புக்கு ஃபீஸ் கேட்பது அநியாயம். உன் சம்பளத்தில் சேர்த்து, 12 சுருதியும் பட்டனில்லாமல் வந்த பிறகு போ. அதற்குமுன் அக்காவிடம் எந்தச் சுருதி வசதி என்று கேள். இரண்டு இறக்கியது உன் கணக்கு. அவளுக்கு மூன்று இறக்க வேண்டியிருக்கலாம்.